பூட்டுமுன் சொல்லவும்

யாருடைய வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் உட்காரமாட்டார். ஸலாம் சொல்வார், செருப்பைக் கழற்றுவார், கழற்றிய இடத்திலேயே நின்றபடி மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கேட்பார். அடுத்த கேள்வி, தண்ணீரின் பிரதான வால்வு எங்கே என்பது. இரண்டையும் போய்ப் பார்த்துத் தொட்டுவிட்டு வந்த பிறகுதான் கதிரையில் அமர்வார். அதுவும் நுனியில். கல்யாண வீடானாலும் மரண வீடானாலும் அப்படித்தான். என் மூத்த மகளின் நிக்காஹ் அன்று மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து நிற்க, இவர் பின்வளவில் எங்கள் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே குந்தியிருந்ததை என் மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் சிரிப்பதில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியாது.

அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதத் தொடங்கிய பிறகு மூன்று தடவை எழுந்து போய்க் குளியலறைக் குழாயைப் பூட்டியிருக்கிறேனா என்று பார்த்துவிட்டேன்.

கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் பிரதான வீதிக்கும் இடையில் இருக்கும் ஓர் ஊரின் ஆஸ்பத்திரியில் நான் பல வருடம் நிர்வாக உத்தியோகத்தராக இருந்தேன். அவர் அங்கே பம்ப் ஒப்பரேட்டர். கிணற்றிலிருந்து தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றுபவர் என்று அர்த்தம். நியமனக் கடிதத்தில் அவ்வளவுதான் இருந்தது. ஆனால் ஜெனரேட்டர், ஒட்சிசன் குழாய்கள், சத்திரசிகிச்சைக் கூடத்தின் குளிரூட்டி, துணிகளின் கிருமி நீக்கும் கொதிகலன், பிரேத அறையின் குளிர்ப்பெட்டி, கூரை ஒழுக்கு, மலக்குழி என்று அந்த வளவில் எது நின்றாலும் எது ஒழுகினாலும் எல்லாரும் கூப்பிட்டது அவரைத்தான். தொழில்நுட்பக் கல்லூரியில் டிப்ளோமா முடித்தவர். அவர் வேலை தேடிய வருடத்தில் அந்த ஒரு வெற்றிடம்தான் இருந்தது என்பதால் அதில் சேர்ந்தார். பிறகு கிணற்றோடு சேர்த்து மற்ற எல்லாவற்றுக்கும் பொறுப்பானார்.

அவருக்கு ஒரு குணம் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் எதையும் அவர் நம்பமாட்டார். நிறுத்திப் பார்த்தால்தான் அது ஓடுவது உண்மை என்பார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணிக்கு, சத்திரசிகிச்சை எதுவும் நடக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஆஸ்பத்திரி முழுவதற்கும் கரண்டைத் துண்டிப்பார். துண்டித்துவிட்டுச் சத்தமாக எண்ணுவார். ஒன்பது எண்ணுவதற்குள் ஜெனரேட்டர் தானாகப் பிடிக்க வேண்டும். பதினொன்றில் பிடித்தால் அன்று பகல் சோறு சாப்பிடமாட்டார். இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுவிடுவார்.

துண்டிப்பதற்கு முன் ஒவ்வொரு வார்ட்டுக்கும் நேரில் போய்ச் சொல்வார். தொலைபேசியில் சொல்வது அவருக்குச் சொன்னதாகாது. மூன்றாம் வார்ட்டின் மூத்த தாதி, எங்கள் எல்லாருக்கும் மிஸ்ஸி, கல்முனைப் பக்கத்துத் தமிழ்ப் பெண்மணி, வாய்க்காரி. இவர் படியில் ஏறும்போதே, "வாறார் எங்கட இருட்டு மாப்பிள்ள" என்பார். வார்ட்டே சிரிக்கும்.

"நான் வெட்டினா ஒம்பதில வெளிச்சம் வரும் மிஸ்ஸி. தானா வெட்டினா எத்தினயில வரும் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்பார் அவர், சிரிக்காமல்.

பள்ளிவாசலில் ஒரு மின்விசிறி ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிப் பூட்டியவர் அவர்தான். அதற்குப் பிறகு இரண்டு ஜும்ஆக்களுக்கு, முன் வரிசையில் இடமிருந்தும் அந்த விசிறிக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டதற்கு, நட்டை முறுக்கியது தான்தானே, விழுந்தால் தன் தலையில் விழட்டும் என்றார். குத்பா ஓதிக்கொண்டிருந்தவருக்கு அன்று பேச்சு தடுமாறியதாகச் சொன்னார்கள்.

கடல் ஊருக்குள் வந்த சுனாமி நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். பத்து மணிச் சோதனைக்காக அவர் வழக்கம்போல் நேரத்தோடு வந்திருந்தார். அவருடைய வீடு கடற்கரையிலிருந்து கல்லெறி தூரத்தில். மனைவியும் மகனும் முதல் நாளே, கடலிலிருந்து தள்ளியிருக்கும் இறக்காமத்தில் ஒரு வலீமா விருந்துக்குப் போயிருந்தார்கள். அதனால் தப்பினார்கள். எங்கள் ஊரில் அன்று தப்பியவர்கள் எல்லாருக்கும் அப்படி ஏதோ ஒரு சின்னக் காரணம் இருந்தது.

என் வீடு வீதிக்கு மேற்குப் பக்கம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நடுப்பகல், லுஹர் நேரம். வளவில் இடுப்பளவு சேறு. பார்த்ததையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. சேற்றுக்குள் அவர் என்னை நோக்கி நடந்து வந்தார். ஒரு கையில் பெரிய ஸ்பேனர். சட்டை இல்லை. தண்ணீர் வளவுக்குள் நுழைந்தபோது ஆட்கள் மாடிக்கு ஓட, இவர் கீழே பிரதான மின்பலகைக்கு ஓடிக் கரண்டைத் துண்டித்தார் என்று மிஸ்ஸிதான் பிறகு சொன்னார். கட்டிலில் கிடந்தபடி தண்ணீருக்குள் அகப்பட்ட நோயாளிகள் மின்சாரத்தில் சாகாமல் இருந்தது அதனால்தான். அதற்கடுத்து அவர் நீந்திப் போய் மேல்தாங்கியின் அடியிலிருந்த வால்வைப் பூட்டியிருக்கிறார். குழாய்களெல்லாம் உடைந்து கிடந்தன. பூட்டாமல் விட்டிருந்தால் தாங்கியில் இருந்த நல்ல தண்ணீர் முழுவதும் சேற்றில் ஓடியிருக்கும். கிணறுகள் உப்பாகிவிட்ட அந்த நாட்களில் காயங்களைக் கழுவவும் குடிக்கவும் எங்களிடம் இருந்தது அந்தத் தாங்கித் தண்ணீர் ஒன்றுதான்.

இதில் எதையும் அவர் என்னிடம் சொல்லவில்லை. என் முன்னால் வந்து நின்று சொன்னது வேறு.

"சேர், மேல் தாங்கியப் பூட்டிட்டன். ஒருத்தருக்கும் செல்லாமப் பூட்டிட்டன். செல்ல ஆள் இருக்கல்ல."

யாருக்கும் சொல்லாமல் பூட்டியதற்காக மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். அவருடைய வீடு இருந்த இடத்தில் கிணற்றின் வளையம் மட்டும் எஞ்சியிருந்ததை அவர் மறுநாள்தான் போய்ப் பார்த்தார். வீட்டோடு தகரப் பெட்டி போனது. பெட்டிக்குள் இருந்த டிப்ளோமாவும் மற்றச் சான்றிதழ்களும் போயின. கல்லூரிக்கு எழுதிப் பார்த்தார். அந்த வருடத்துப் பதிவேடு கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு, அவர் யார், என்ன வேலை தெரிந்தவர் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே ஆதாரம் என் மேசையில் எழுதப்படக்கூடிய ஒரு கடிதம்தான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்த வருடம் புதிய கட்டடம் கட்டித்தர வெளிநாட்டு உதவி வந்தது. அதோடு ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரும் வந்தார். என் கந்தோரில் உட்கார்ந்து, உங்கள் பெசிலிட்டீஸ் எஞ்சினியர் யார், அவரோடுதான் நான் கதைக்க வேண்டும் என்றார். அப்படி ஒருவரும் எங்களிடம் இல்லை என்றேன். என் தலைக்கு மேலே, ஏணியில் நின்று குளிரூட்டியைத் திறந்துகொண்டிருந்தார் இவர். வெள்ளைக்காரர் அண்ணாந்து பார்த்தார். இரண்டு நாள் வளவைச் சுற்றியபோது ஒவ்வொரு குழாய்க்கும் விளக்கம் சொன்னது இந்த ஆள்தானே, இவர்தான் உங்கள் எஞ்சினியர் என்றார். நான் சிரித்தேன். பம்ப் ஒப்பரேட்டர் என்று திருத்தினேன்.

வெள்ளைக்காரர் போன பிறகு இவர் ஏணியிலிருந்து இறங்கி வந்து, பெசிலிட்டீஸ் எஞ்சினியர் என்ற அந்த இரண்டு சொல்லையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

"இதுக்கு ஒரு பேர் இரிக்கி சேர். இவ்வளவு காலமும் எனக்குத் தெரியா."

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கட்டடம் ஒன்றின் தண்ணீர், கரண்ட், காற்று, கழிவு என்று எல்லாவற்றையும் உயிரோடு வைத்திருப்பதே ஒரு படிப்பு, ஒரு உத்தியோகம், அதற்கு உலகம் முழுக்க ஆள் தேடுகிறார்கள் என்று அறிந்துகொண்டார். வெள்ளைக்காரர் விட்டுப்போன தடித்த கையேடுகளை அகராதி வைத்து வாசித்தார். அட்டாளைச்சேனையில் ஒரு ஆசிரியரிடம் ஆங்கிலம் படிக்கப் போனார். பழைய வார்ட் அட்டவணைகளின் பின்பக்கத்தில் ஆஸ்பத்திரியின் குழாய்களையெல்லாம் வரைந்தார். பகல் சாப்பாட்டு நேரத்தில் அவர் எங்கே என்று பார்த்தால் ஏதாவதொரு சுவரில் காது வைத்துக்கொண்டு நிற்பார்.

மீண்டும் சண்டை தொடங்கி, கொழும்புக்குப் போகிற வழியெல்லாம் சோதனைச் சாவடியாகிப்போன காலத்தில் வளைகுடா நாடொன்றின் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுத்தார்கள். அந்தத் துண்டுக் கடதாசியில் இருந்த அதே உத்தியோகம். கொழும்பிலிருந்த முகவர் அவரோடு தொலைபேசியில் அரை மணித்தியாலம் கதைத்துவிட்டு, சான்றிதழ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, செய்த வேலைகளை விவரித்து மேலதிகாரி ஒரு கடிதம் தந்தால் போதும் என்றாராம். என் கந்தோருக்கு வந்து, வழக்கம்போல் நின்றபடி கேட்டார். எழுதி நானே தபாலில் அனுப்புகிறேன் என்றேன்.

அன்று பின்னேரம் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். நான்கு வரி. இன்னார் இந்த வைத்தியசாலையில் பம்ப் ஒப்பரேட்டராகக் கடமையாற்றுகிறார். இத்தனை வருட சேவை. நடத்தை திருப்திகரமானது. இப்படிக்கு.

அதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் அதன் கேவலம். அது அவரை என்ன செய்யும் என்று அறிந்தே எழுதினேன். புதிய கட்டடம் பாதியில் நின்றது. புது ஜெனரேட்டரின் தலையும் காலும் எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. இவர் போனால் இந்த வளவில் எது நின்றாலும் ஆட்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பல வருடம் நான் இந்தக் காரணத்தை மட்டும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அது நோயாளிகளுக்காகச் செய்ததுபோலத் தோற்றமளித்தது. இன்னொரு காரணமும் இருந்தது. பட்டம் பெற்ற நான் அந்த மேசையிலேயே ஓய்வுபெறப் போகிறேன். சேறு படிந்த காலோடு வந்து நிற்கும் ஒருவர் எஞ்சினியர் என்று விமானம் ஏறப் போகிறார். அது எனக்குப் பொறுக்கவில்லை. கடிதத்தை உறையிலிட்டு ஒட்டிவிட்டுத் தேநீர் வரவழைத்துக் குடித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒரு மாதத்தில் முகவர் அவருடைய கோப்பைத் திருப்பி அனுப்பினார். என் கடிதமும் உள்ளேயே இருந்தது. அவர் வாசித்திருப்பார். மூன்று நாள் வேலைக்கு வந்தார், போனார். நான்காம் நாள் எக்ஸ்ரே பிரிவுக்குப் போய்க் கழித்த பழைய படங்களைக் கேட்டு வாங்கினார்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியின் வால்வுகளில் ஒவ்வொன்றாகக் கறுப்பு அட்டைகள் தொங்கத் தொடங்கின. எங்கள் கடற்காற்றில் தகரம் ஒரு மாரிக்குத் தாங்காது, கடதாசி ஒரு வாரத்துக்குத் தாங்காது. எக்ஸ்ரே படம் எதற்கும் அசையாது. உள்ளங்கை அளவில் வெட்டி, மூலையில் துளையிட்டு, கவராயத்தின் முனையால் எழுத்தைக் கீறி, செப்புக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். ஒவ்வொன்றிலும் மூன்று வரி. இது என்ன என்பது முதல் வரி. எங்கே போகிறது என்பது இரண்டாவது. மூன்றாவது எப்போதும் ஒரே மாதிரித் தொடங்கும்: "பூட்டுமுன் சொல்லவும்". அதற்குப் பக்கத்தில் 3ஆம் வார்ட் மிஸ்ஸி, சத்திரசிகிச்சைக் கூடம், சமையல்காரர் என்று யாராவது ஒருவர். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எழுத்துக்குப் பின்னால் யாரோ ஒருவரின் விலாவோ முழங்காலோ தெரியும். எலும்பைப் பார்த்து பைப்பைப் பூட்டவேண்டிய காலம் வந்துவிட்டது என்று மிஸ்ஸி சொன்னார். நானும் அதை ஒரு பொழுதுபோக்கு என்றே நினைத்தேன். மனக்குறையை ஆற்றிக்கொள்கிறார் என்று நினைத்து, உள்ளுக்குள் நிம்மதியும் அடைந்தேன்.

ஒரு நாள் அந்த அட்டைகளும் செப்புக் கம்பியும் நிறைந்த பையோடு வரும்போது சாவடியில் மறித்துவிட்டார்கள். அந்த நாட்களில் பை நிறையக் கம்பி கொண்டுவருவது விளையாட்டில்லை. வெயிலில் இரண்டு மணித்தியாலம் நிறுத்திவைத்திருக்கிறார்கள். இவர் ஒவ்வொரு அட்டையையும் சூரியனுக்கு நேரே பிடித்து, இது விலா எலும்பு, இது கை என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்க, சிப்பாய்களுக்குச் சந்தேகம் கூடிவிட்டது. கடைசியில் எனக்குத் தொலைபேசி வந்தது. இந்த ஆள் யார் என்று கேட்டார்கள். எங்கள் பம்ப் ஒப்பரேட்டர் என்றேன். விட்டுவிட்டார்கள். மறுநாள் வந்து நன்றி சொன்னார்.

"அந்தச் சொல்லுக்கு நல்ல மரியாத இரிக்கி சேர்" என்றார். அவர் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்று வருடம் போனது. யுத்தம் முடிந்த அந்த வாரம் பிரதான வீதியில் பட்டாசு வெடித்தார்கள். கடைகளில் கொடி கட்டியிருந்தது. மிஸ்ஸி விடுமுறை போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். அவருடைய சகோதரி வன்னியில், ஒரு செய்தியும் இல்லை. அந்தப் பட்டாசுச் சத்தத்தின் நடுவில் இவர் என் கந்தோருக்குள் வந்தார். கையில் ஒரு தடித்த புத்தகம். வார்ட் அட்டவணைகளைத் தைத்துக் கட்டியது. மேசையில் வைத்தார்.

திறந்து பார்த்தேன். ஆஸ்பத்திரி முழுவதும் அதற்குள் இருந்தது. ஒவ்வொரு குழாயும், ஒவ்வொரு சுவிட்சும், எது கெட்டால் என்ன செய்வது, எந்த அட்டையைப் பார்ப்பது, யாருக்குச் சொல்வது. பத்தாம் வகுப்பு படித்த ஒருவர் வாசித்துச் செய்யக்கூடிய தமிழில் எழுதியிருந்தார்.

"போன கிழம நான் லீவில நிண்டன். சேருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

யோசித்தேன். வீட்டு வேலை என்று ஏழு நாள் லீவு எழுதிக் கொடுத்திருந்தார். நான் கையெழுத்திட்டேன். அதற்குப் பிறகு அவர் இல்லை என்பதே எனக்கு நினைவில்லை.

"இறக்காமத்தில மச்சான்ர வயலுக்குத் தண்ணி கட்டிக்கிட்டு நிண்டன். போனை ஓஃப் பண்ணி வச்சன். திரும்பி வந்து பார்த்தா ஆரும் ஒரு கோல் எடுக்கல்ல. ரெண்டு பைப் ஒழுகியிரிக்கி. அட்டையப் பார்த்து அவங்களே பூட்டியிரிக்காங்க. ஞாயித்துக்கிழம கரண்ட வெட்டியிரிக்காங்க. எட்டில பிடிச்சிரிக்கி."

வெளியே பட்டாசு.

"நான் இல்லாட்டியும் இது ஓடும் சேர். இப்ப எழுதலாம்தானே?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் நான்கு வரியை வாசித்துவிட்டு அவர் என்மேல் கோபப்படவில்லை. ஏன் எழுதினேன் என்று யோசித்திருக்கிறார். தான் போனால் இந்த இடம் நின்றுவிடும் என்று சேர் பயப்படுகிறார், அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கக்கூடாது என்று முடிவு செய்து, மூன்று வருடம் எடுத்து, தன்னைத் தேவையில்லாதவராக ஆக்கியிருக்கிறார். ஜெனரேட்டரைச் சோதிப்பதுபோலத் தன்னையே துண்டித்துவிட்டு, ஏழு நாள் எண்ணியிருக்கிறார். என் முதல் காரணத்தைக் கண்டுபிடித்தவர் இரண்டாவதைக் கண்டுபிடிக்கவில்லை. அவர் புத்தியில் அப்படி ஒரு காரணத்துக்கு இடமில்லை.

அன்றிரவே எழுதினேன். இரண்டு பக்கம். என் வாழ்நாளில் எழுதிய கடிதங்களில் நல்லது அதுதான். பெசிலிட்டீஸ் எஞ்சினியர் என்ற சொல்லை நான்கு இடத்தில் போட்டேன். தாங்கி வால்வையும் எழுதினேன். மறுநாள் அவரே கொழும்புக்குக் கொண்டுபோனார். சாவடிகளில் இறங்கி ஏறி, பதினொரு மணித்தியாலப் பயணம்.

முகவர் கடிதத்தை வாசித்தாராம். புத்தகத்தையும் புரட்டினாராம். மூன்று வருடத்துக்கு முன் இதைத் தந்திருந்தால் அன்றே அனுப்பியிருப்பேன் என்றாராம். அந்த நாட்டில் இந்த வேலைக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எடுப்பதில்லை. இவருக்கு நாற்பத்தாறு.

திரும்பி வந்து என்னிடம் இதைச் சொன்னபோது அவர் கண்கள் என் தலைக்கு மேலே குளிரூட்டியில் இருந்தன. தண்ணீர் சொட்டுகிறது, பின்னேரம் வந்து பார்க்கிறேன் என்றார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"கடிதம் நல்ல கடிதம் சேர். அத நான் வச்சிக்கிறன்."

நான் ஓய்வுபெற்றேன். ஒரு வருடம் கழித்து ஹஜ்ஜுக்குப் போகிற பாக்கியம் கிடைத்தது. போவதற்கு முன் எல்லாரிடமும் போய்ப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்பது எங்கள் வழக்கம். மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதன் பொறுக்காமல் அல்லாஹ்வும் பொறுக்கமாட்டான். வீடு வீடாகப் போனேன். தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்பேன். பொறுத்துக்கொண்டோம், எங்களுக்காக துஆச் செய்யுங்கள் என்பார்கள். தேநீர் வரும். ஒரு நாளில் பதினைந்து வீடு முடியும்.

அவருடைய வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். வளவில் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டிருந்தார். "இரிங்கவன் சேர்" என்று கதிரையைத் துடைத்து வைத்தார். நான் நின்றபடியே அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"எந்தப் பிழைய சேர்?"

பொதுவாகத்தான் என்றேன். தெரிந்தோ தெரியாமலோ.

"தெரியாமச் செஞ்சதெல்லாம் பொறுத்துக்கிட்டன். அல்லாஹ் சாட்சி. தெரிஞ்சு செஞ்சது எது எண்டு செல்லுங்க. எந்த வால்வு எண்டு செல்லாம பூட்டு, திற எண்டா நான் என்ன செய்யிற?"

அவர் குரலில் கோபமில்லை. உண்மையில் உதவி செய்யப் பார்த்தார். அவருடைய மனைவி தேநீரோடு வந்தார். அதைக் குடித்து முடிக்கும்வரை மகனின் படிப்பைப் பற்றிக் கதைத்தோம். எழுந்தபோது, "போயிட்டு வாங்க. வந்தும் செல்லலாம்" என்றார்.

போய்வந்தேன். அரபா வெளியில் நின்று எல்லாவற்றுக்கும் அழுதேன். ஊருக்கு வந்து சொல்லவில்லை. ஹாஜியாரைப் பார்க்க வருகிறவர்களோடு அவரும் வந்தார். ஸலாம் சொன்னார், செருப்பைக் கழற்றினார், ஸம்ஸம் தண்ணீரைக் குடித்தார், உட்காராமலே பிரதான வால்வைப் பார்க்கப் போனார். அட்டை இல்லாத வால்வு வெட்கக்கேடு என்று சொல்லிவிட்டுப் போய், அடுத்த நாள் ஒன்றைக் கொண்டுவந்து கட்டினார். யாரோ ஒருவரின் கைவிரல்கள் தெரிகிற படம். முதல் வரி இருந்தது. இரண்டாவது இருந்தது. மூன்றாவதில் "பூட்டுமுன் சொல்லவும்" என்று மட்டும் கீறி, பக்கத்தில் வெறுமையாக விட்டிருந்தார். பெயர் இல்லையே என்றேன்.

"அது சேர் எழுதிக்குங்க. இது சேர்ர வீடு. ஆருக்குச் செல்லணும் எண்டு சேருக்குத்தானே தெரியும்."

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம். நெஞ்சு நோ என்று அவரைப் புதிய கட்டடத்து வார்ட்டில் வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். மழை நாள். கதைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்கு ஒரு இளைய ஊழியர் வாசலில் எட்டிப் பார்த்து, கரண்ட் வெட்டப் போறம் என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் முகம் மலர்ந்தது. விளக்குகள் அணைந்தன, விசிறிகள் நின்றன, வார்ட் மங்கியது. அவர் போர்வைக்கு மேலே விரல்களை ஒவ்வொன்றாக மடித்தார். ஒன்று. இரண்டு. யாரும் யாருடைய முகத்தையும் சரியாகப் பார்க்க முடியாத அந்த வெளிச்சத்தில், ஒன்பது எண்ணிக்கைக்குள், அந்த நான்கு வரியைப் பற்றிச் சொல்லி முடித்திருக்கலாம். ஆறில் வாயைத் திறந்தேன். ஒன்பதில் வெளிச்சம் வந்தது. அவர் என் பக்கம் திரும்பி, ஒன்பது விரலைக் காட்டினார்.

செவ்வாய்க்கிழமை வஃபாத்தானார். ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் மகன் எழுந்து நின்று, வாப்பா யாருக்கும் ஏதாவது பிழை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பொறுத்துக்கொண்டோம் என்றார்கள். நானும் சொன்னேன். மையத்தாகக் கிடக்கும் மனிதருக்குப் பிழை செய்தவர்கள் பொறுக்கும்படி கேட்பதற்கு அந்த வழக்கத்தில் இடமில்லை. இருந்திருந்தாலும் நான் வாய் திறந்திருப்பேன் என்று சத்தியம் செய்யமாட்டேன்.

அன்று பின்னேரம் கவராயத்தை எடுத்துக்கொண்டு போய் அட்டையின் வெறும் இடத்தில் அவருடைய பெயரைக் கீறினேன். அந்தப் பெயருக்கு உரிய இடம் அது; அதனால்தான் இங்கே எழுதவில்லை.

போன கிழமை குளியலறைக் குழாய் ஒழுகியது. ஒரு புதிய ஆளைக் கூப்பிட்டேன். இந்த ஊரில் வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறதாம். வால்வுக்குப் பக்கத்தில் குந்தி, அட்டையைப் பிடித்து வெளிச்சத்தில் வாசித்தார்.

"பூட்டுமுன் இவருக்குச் செல்லணும் எண்டு போட்டிரிக்கி ஹாஜியார்."

"ஓம், செல்லணும்" என்றேன்.

"அப்ப கூப்பிடுங்க. நான் நிக்கிறன்."

கையை வால்வின் மேல் வைத்தபடி, என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார். குழாய் உள்ளே ஒழுகிக்கொண்டிருந்தது.